ஸ்குவாலுக்குக் குத்து விழுந்தது தோளிலா, நெஞ்சிலா?

கோத்தகிரி_கொழுந்து:
நேற்று ராத்திரி ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: ஃபைனல் ஃபேன்டஸி 8 வீடியோ கேமில் நாயகன் ஸ்குவால் முதல் சிடி முடிவிலேயே செத்துப்போகிறான், அதற்கப்புறம் வரும் மூன்று சிடியும் சாகும் நேரத்தில் அவனுக்கு ஓடும் கனவு என்று. அதோடு விட்டாரா? இது புரியாதவர்கள் கேமை ஒழுங்காக விளையாடவில்லை என்று ஒரு வரி வேறு. நான் 2001-லிருந்து விளையாடுகிறேன். 2009 நவம்பர் மண்சரிவில் ரோடு மூடிக்கிடந்த நாட்களில், கரண்ட் வந்தபோதெல்லாம் உட்கார்ந்து மறுபடி முடித்தவன். என்னிடம் இந்தப் பேச்சு வேண்டாம்.

விஷயம் இதுதான். டெலிங் சிட்டியில் சூனியக்காரி இடியாவின் ஊர்வலம். ஸ்குவாலின் கூட்டாளி இர்வைன் சுட்ட குண்டை அவள் தடுத்துவிடுகிறாள். ஸ்குவால் தேர் மேல் ஏறிச் சண்டை போடுகிறான், கடைசியில் அவள் ஓர் ஐஸ் ஈட்டியை ஏவுகிறாள். அது பாய்வது தோளில். காறை எலும்பை ஒட்டி, தோள்பட்டைப் பக்கம். தோளில் குத்து வாங்கியவன் சாக மாட்டான். அவ்வளவுதான்.

குன்னூர்_லகூனா:
எழுதியது நான்தான். ‘ஒருவர்’ என்று எதற்கு, பெயரைச் சொல்லியே திட்டலாம், நமக்குள் என்ன புதுப் பழக்கமா?

தோளாம்! ஈட்டி முன்னால் நுழைந்து முதுகு வழியாக வெளியே வருகிறது. ஆள் பின்னால் சாய்ந்து தேரிலிருந்து விழுகிறான், நாயகி ரினோவா கையை நீட்டுகிறாள், எட்டவில்லை, அந்தக் கை தூரத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. அத்தோடு சிடி முடிகிறது. இரண்டாவது சிடியில் சிறைக்குள் கண் விழிக்கும்போது அவனே தன் காயத்தைத் தேடுகிறான். காயம் இல்லை! எங்கே போனது, யார் ஆற்றினார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் பறக்கிறது, ரினோவா தவிர கூட இருப்பவர்கள் எல்லோரும் ஒரே அனாதை இல்லத்தில் வளர்ந்தவர்களாம், அப்புறம் விண்வெளி, அப்புறம் காலமே ஒன்றாகச் சுருங்குகிறது. இது கனவு இல்லாமல் என்ன? அடி நெஞ்சில்.

ஊட்டி_பழசு:
சண்டை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். ‘செத்தான்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? கதைக்குள் உயிர் போனதையா, கதையை எழுதியவர்கள் அப்படி நினைத்தார்கள் என்பதையா, நமக்கு அப்படிப் படிக்கத் தோன்றுகிறது என்பதையா? இது மூன்றும் வேறு வேறு.

கோத்தகிரி_கொழுந்து:
காயம் இல்லை என்பதுதான் இவருக்குப் பெரிய ஆதாரம். ஒரு கியூர் மந்திரத்தில் எல்லோரும் எழுந்து நிற்கிற உலகம் அது. பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு அவன் உயிரோடு வேண்டும், அதனால் ஆற்றினார்கள். அந்தச் சிறையில் அவனுடைய பழைய போட்டியாளன் செய்ஃபர் அவனைக் கட்டி வைத்து கரண்ட் ஷாக் கொடுத்து விசாரிக்கிறான். செத்தவனை யாராவது விசாரிப்பார்களா?

இன்னொன்று. இயக்குநர் யோஷினோரி கிடாசேவிடமே 2017-இல் ஒரு பேட்டியில் இதைக் கேட்டார்கள். இல்லை, குத்து விழுந்தது தோள் பக்கம், அவன் சாகவில்லை என்று சொல்லிவிட்டார். கேமை எடுத்தவரே தோள் என்கிறார். குன்னூர்க்காரர் நெஞ்சு என்கிறார். நான் யாரை நம்புவது?

குன்னூர்_லகூனா:
பேட்டியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ரீமேக் செய்தால் அந்தக் கதையையே எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே பேட்டியில் சொன்னார். பிடிக்காமலா சொன்னார்? தவிர, ஒரு படைப்பு வெளியே வந்த பிறகு அது எங்களுடையது. 1999-இல் வந்த கேமுக்கு 2017-இல் வந்து விளக்கம் சொன்னால், திரையில் நான் பார்த்தது மாறிவிடுமா? நான் பார்த்தது நெஞ்சு.

கோத்தகிரி_கொழுந்து:
நீங்கள் பார்த்தது அந்தக் காலத்து 14 இன்ச் டிவியில். நான் போன வாரம் அந்தக் காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஈட்டி நுழையும் இடத்துக்கும் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் சிங்கத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது. சிங்கம் நெஞ்சு நடுவில் தொங்குகிறது. ஈட்டி அதற்கு வெளியே. தோள்.

எங்கள் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கொழுந்து எல்லாம் வெந்த மாதிரி கருகிக் கிடக்கும், தொட்டால் உதிரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் செடி செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். என் அப்பா நகத்தால் தண்டை லேசாகக் கீறிக் காட்டுவார், உள்ளே பச்சை இருக்கும். மழை வந்ததும் துளிர்விடும். ஐஸ் பட்டதெல்லாம் சாவு இல்லை.

குன்னூர்_லகூனா:
தேயிலைச் செடிக்கு நெஞ்சு கிடையாது.

கூடலூர்_க்ளவுட்:
தோளோ நெஞ்சோ, அந்தக் கேமுக்கு இவ்வளவு நேரம் செலவழிப்பதே வீண். 1997-இல் ஏழாம் பாகத்தை எடுத்த அதே கம்பெனி இரண்டே வருடத்தில் இப்படி எடுத்தது என்று நம்பவே முடியவில்லை. எதிரியிடமிருந்து மந்திரத்தை உறிஞ்சு, மறுபடி உறிஞ்சு, 100 சேரும் வரை உறிஞ்சு. சேர்த்ததைச் செலவழித்தால் பலம் குறையும், அதனால் மந்திரம் கையில் இருந்தும் போட மனசு வராது. அதைவிடக் கொடுமை, நம் லெவல் ஏற ஏற எதிரியின் லெவலும் ஏறுகிறது. உழைக்கிறவனுக்கு தண்டனை. ஜூன், ஜூலை மழையில் இங்கே வெளியே தலைகாட்ட முடியாது, இரண்டு மாதம் உட்கார்ந்து லெவல் ஏற்றினேன், கடைசிக் கோட்டையில் அடி தாங்க முடியவில்லை.

கோத்தகிரி_கொழுந்து:
உறிஞ்சிக்கொண்டே உட்காருங்கள் என்று கேம் எங்கேயும் சொல்லவில்லை. சீட்டு விளையாடி ஜெயித்து, சீட்டைப் பொருளாக மாற்றி, பொருளை மந்திரமாக மாற்றலாம். எதிரியையே சீட்டாக மாற்றினால் லெவலும் ஏறாது. முதல் சிடியிலேயே ஸ்குவாலின் மிகப் பலமான லயன்ஹார்ட் வாளைச் செய்து முடித்தவர்கள் இருக்கிறார்கள், நானும் செய்தேன், மூன்றாவது தடவை விளையாடியபோது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் விளையாடினால் இப்படித்தான் கேமைக் குறை சொல்வீர்கள்.

கூடலூர்_க்ளவுட்:
சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் அது கேமின் குறை. இதை ஒத்துக்கொள்ள உங்களுக்கு வாய் வராது.

கொடை_குறிஞ்சி:
அண்ணன்மார்களே, நான் 2018-இல் குறிஞ்சி பூத்த வருடம் மாமாவின் கம்ப்யூட்டரில் முதல் தடவை விளையாடினேன், 2019 செப்டம்பரில் ரீமாஸ்டர் வந்ததும் மறுபடி. நீங்கள் எல்லோரும் அந்த ஈட்டியையே பார்க்கிறீர்கள். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பாருங்கள்.

இர்வைன் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கை நடுங்குகிறது, முதலில் சுட முடியவில்லை. அவ்வளவு நேரம் பெருமை அளந்துகொண்டிருந்தவன் சுவரில் சாய்ந்து ஒடுங்கிப்போகிறான். பயந்தாங்கொள்ளி என்றுதான் முதல் தடவை நினைத்தேன். இரண்டாவது சிடியில் ட்ராபியா பள்ளியில், இடிந்துபோன பாஸ்கெட்பால் கோர்ட்டில்தான் காரணம் தெரிகிறது. இடியா இவர்களை வளர்த்தவள். ஜி.எஃப். என்கிற காவல் சக்தியைப் பயன்படுத்திப் பயன்படுத்தி மற்றவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள், இர்வைன் அதைப் பயன்படுத்தாமல் இருந்ததால் அவனுக்கு மட்டும் நினைவிருந்தது. தன்னை வளர்த்தவளை அவன் சுட வேண்டியிருந்தது, பக்கத்தில் இருப்பவர்கள் யாருக்கும் அது தெரியாது. இந்த நடுக்கம் ஈட்டி பாய்வதற்கு முன்னாலேயே நடக்கிறது. பின்னால் வருவதெல்லாம் ஸ்குவாலின் கனவு என்றால், முன்னால் இர்வைன் எதற்கு நடுங்கினான்?

கோத்தகிரி_கொழுந்து:
இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொடை_குறிஞ்சி:
இல்லை அண்ணா, நீங்கள் தோள், தோள் என்றுதான் சொன்னீர்கள். இர்வைன் பேச்சை எடுத்தது நான்.

கோத்தகிரி_கொழுந்து:
தோள் என்று சொன்னால் அதில் எல்லாம் அடக்கம் தங்கச்சி. அவன் உயிரோடு இருந்தால்தான் இர்வைன் சொல்வது நிஜம்.

குன்னூர்_லகூனா:
முதல் தடவை ஆளைக் கொல்லப்போகிற எந்தப் பையனுக்கும் கை நடுங்கும், அதற்கு வளர்த்த அம்மா தேவையில்லை. அந்த நடுக்கத்தைப் பார்த்த ஸ்குவாலின் மூளை, சாகும்போது அதற்கு ஒரு காரணம் கட்டிக்கொண்டது. இது என் வாதத்துக்குத்தான் பலம். நெஞ்சில் வாங்கியவனுக்கு அப்படித்தான் ஓடும்.

கொடை_குறிஞ்சி:
அப்படிப் பேசினால் எதை வேண்டுமானாலும் கனவுக்குள் போட்டுவிடலாம். ஸ்குவாலுக்கு லகூனா என்கிற சிப்பாய் வரும் கனவுகள் டிம்பர் ரயிலிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. அப்போது ஸ்குவால் மேல் ஈட்டி பாயவே இல்லை. உங்கள் பெயரிலேயே லகூனாவை வைத்துக்கொண்டு, அவர் ஸ்குவாலின் அப்பா என்பதைக் கேம் நேராகச் சொல்லாமல் எவ்வளவு அழகாக உணர்த்துகிறது என்பதை எப்படி விட்டுக்கொடுக்க மனசு வருகிறது? ‘நீ உன் அம்மா மாதிரி இருக்கிறாய்’ என்கிற பேச்சு வரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அது வெறும் கனவு என்றால் அந்த அம்மா யார்?

குன்னூர்_லகூனா:
லகூனா எனக்கு உயிர். அதனால்தான் சொல்கிறேன். அப்பா இல்லாமல் வளர்ந்த 17 வயதுப் பையன் சாகும்போது தனக்கு ஓர் அப்பாவைக் கண்டுபிடிக்கிறான். இதைவிட மனசை உடைக்கிற கதை உண்டா? நீங்கள் எல்லோரும் காதல் கதை என்கிறீர்கள், நான் அதைவிடப் பெரிய கதை என்கிறேன். முடிவில் அவன் பாலைவனத்தில் தனியாக நடக்கிறான், ரினோவாவின் முகம் நினைவுக்கு வராமல் அழிந்து அழிந்து போகிறது. அதை உயிரோடு இருப்பவனின் காட்சி என்று சொல்ல உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

கோத்தகிரி_கொழுந்து:
அடுத்த காட்சியில் ரினோவா அவனைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறாள், தரிசு நிலம் பூந்தோட்டமாகிறது. கடைசியில் அவன் சிரிக்கிறான். முதல் சிடியிலிருந்து ‘எனக்கென்ன’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தவன் சிரிக்கிறான்! 1999-இல் வந்து 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற கேம், அதன் கடைசிச் சிரிப்பை ஒரு பிணத்தின் கனவு என்று சொல்ல நான் விட மாட்டேன். தோள்.

கூடலூர்_க்ளவுட்:
விற்றதெல்லாம் ஏழாம் பாகத்தின் பெயரால்.

கோத்தகிரி_கொழுந்து:
ஆரம்பித்துவிட்டார். அந்த வால்ட்ஸ் நடனக் காட்சியை ஏழாம் பாகத்தில் காட்டுங்கள் பார்ப்போம். ரினோவா அவனை இழுத்துக்கொண்டு போகிறாள், அவன் கால் தடுமாறுகிறது, பக்கத்து ஜோடி மேல் இடிக்கிறான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளம் பிடிக்கிறான். ஒரு வசனம் கிடையாது. நோபுவோ உவேமாட்சுவின் இசை மட்டும். பிளேஸ்டேஷன் ஒன்றில்!

கூடலூர்_க்ளவுட்:
அது வீடியோ. நான் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். வீடியோ பார்க்க நான் எதற்கு கன்ட்ரோலர் பிடிக்க வேண்டும்?

ஊட்டி_பழசு:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

குன்னூர்_லகூனா:
சரி, கோத்தகிரிக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். அவர் சொன்ன அந்தச் சங்கிலிச் சிங்கம். அதே சிங்கத்துக்கு க்ரீவர் என்று பெயர், கடைசிச் சண்டையில் எதிரியான சூனியக்காரி அல்டிமேசியா அதைத்தான் ஏவுகிறாள், அதுவும் ஸ்குவாலின் மனசிலிருந்து எடுத்து. எதிரியே இவன் மனசுக்குள்ளிருந்து ஆயுதம் எடுக்கிறாள் என்றால் சண்டை எங்கே நடக்கிறது? வெளியிலா, இவன் மூளைக்குள்ளா?

கொடை_குறிஞ்சி:
அதை வைத்துத்தான் ரினோவாவே பிற்காலத்தில் அல்டிமேசியா ஆகிறாள் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. அதாவது பரவாயில்லை, கேட்கவாவது வலிக்கிறது. சூனியக்காரியின் சக்தி ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போகும், தன் வீரன் இல்லாமல் போனால் அவள் என்ன ஆவாள் என்ற பயம் அந்தச் சக்தி வந்துவிட்ட ரினோவாவுக்கே இருக்கிறது. ஆனால் அதையும் நான் நம்பவில்லை.

கோத்தகிரி_கொழுந்து:
ரினோவா பேச்சை இங்கே கொண்டுவராதீர்கள் தங்கச்சி, தனியாகப் பேசலாம். இப்போதைய கேள்வி ஒன்றே ஒன்று. குன்னூர்க்காரரே, இரண்டாவது சிடி முதல் நான்காவது சிடி வரை நீங்கள் முழுதாக விளையாடினீர்களா? எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் உங்கள் மூன்றாவது சிடி ஓடாது. இரண்டாவது தடவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனீர்கள், 2003-இல், குன்னூர் பெட்ஃபோர்டு பஸ் ஸ்டாப்பில் வைத்து, மழையில், நான் ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

குன்னூர்_லகூனா:
இதைப் பொதுவில் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் கொடுத்த சிடியிலேயே நடுவில் வட்டமாகக் கீறல் இருந்தது. விண்வெளிக் காட்சிக்கு முன்னால் நின்றுவிடும். நான் அப்புறம் வேறொருவரிடம் வாங்கி முடித்தேன். முழுதாக.

கோத்தகிரி_கொழுந்து:
கொடுக்கும்போது கீறல் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் உறையில் போட்டேன்.

குன்னூர்_லகூனா:
கீறல் இருந்தது.

கொடை_குறிஞ்சி:
அண்ணா, இர்வைன்?

கூடலூர்_க்ளவுட்:
விடுங்கள். இவர்கள் 20 வருடமாக இப்படித்தான்.

கோத்தகிரி_கொழுந்து:
கீறல் இல்லை. ஈட்டி பாய்ந்தது தோளில். இன்றைக்கு இங்கே சாயங்காலத்திலிருந்து கரண்ட் போய்ப் போய் வருகிறது, நாளைக்கு அந்தக் காட்சியை மறுபடி ஓட்டி, சிங்கம் தெரிகிற இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறேன். அதுவரை யாரும் நெஞ்சு என்று எழுத வேண்டாம்.

குன்னூர்_லகூனா:
நெஞ்சு.