புதுப்பிப்பு: சப்ளையர் தொழிற்சாலையில் நடப்பதற்கு பிராண்டு பொறுப்பா?

வங்கதேசத்தில் பிராண்டுகளுக்குத் துணி தைத்த தொழிற்சாலைகள் இருந்து, 2013-இல் இடிந்து விழுந்த கட்டடம் ராணா பிளாசா. அது பற்றிய என் முந்தைய இழையில், “தொழிற்சாலையே அவர்களுடையது இல்லையே, பிராண்டை எப்படிப் பிடிப்பது?” என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. சட்டங்களைத் தேடிப் படித்தேன்.

பிரான்ஸ் 2017-இல் கொண்டுவந்த சட்டம் முக்கியமானது. உள்நாட்டில் 5,000 அல்லது உலக அளவில் 10,000 ஊழியர்கள் உள்ள பெரிய நிறுவனங்கள், சப்ளையர் வரைக்கும் தொழிலாளருக்கு என்னென்ன ஆபத்து, எப்படித் தடுப்போம் என்று திட்டம் வெளியிட வேண்டும். தவறினால், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போகலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான். ஆவணமெல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கும்போது அவர் எதைக் காட்டுவார்? எனக்கு ஆறவே இல்லை.

ஜெர்மனியின் இதே மாதிரியான சட்டம் 2023-இல் அமலுக்கு வந்தது. அபராதம் உண்டு, இழப்பீட்டுக்குப் புது வழி இல்லை.

சரி, ராணா பிளாசாவுக்கு வருவோம். 2013 ஏப்ரல் 23 அன்றே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். அன்றே கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதனால்தான் அந்த மே மாதம் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை நான் அதிகம் நம்புகிறேன். அது பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையும் அதில் இருந்தது.