நன்றாக இயங்கும் கைபேசியை இப்போதே மாற்றத்தான் வேண்டுமா?

வைகறை:
நான்கு ஆண்டுகளாக ஒரே ஆண்ட்ராய்டு கைபேசியைப் பயன்படுத்தி வருகிறேன். திரையில் கீறல் இல்லை. அழைப்புகள் தெளிவாகக் கேட்கின்றன. அன்றாடம் பயன்படுத்தும் செயலிகள் தடங்கலின்றித் திறக்கின்றன. குறைகள் இரண்டுதான். காலையில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றினாலும் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. சில வேளைகளில் 20 விழுக்காடு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, கேமராவைத் திறந்தவுடன் கைபேசி அணைந்துவிடுகிறது. மற்றொன்று, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் சில மாதங்களாக வரவில்லை. இந்த மாதிரிக்கான ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதாக நிறுவனத்தின் தளத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள். வங்கிச் செயலியும் அலுவலக மின்னஞ்சலும் இதில்தான் உள்ளன. நன்றாக ஓடும் ஒரு பொருளை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

தொடுவானம்:
மாற்றிவிடுங்கள். வேகத்துக்காகவோ கேமராவுக்காகவோ இதைச் சொல்லவில்லை. நன்றாக இயங்குகிறது என்று நாம் சொல்லும்போது, கண்ணுக்கும் கைக்கும் தெரிவதை வைத்தே சொல்கிறோம். கைபேசியின் பாதுகாப்போ கண்ணுக்குத் தெரிவதில்லை. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பெயரில் வெளிவந்த ஆண்ட்ராய்டு ஓட்டைகளை எண்ணிப்பாருங்கள்: பல்லூடகக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பியே, உரியவர் அதைத் திறந்து பார்க்காத நிலையிலும், கைபேசிக்குள் நுழையும் வாய்ப்பு இருந்தது. அதன் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் வெளியாகும் அந்தத் திருத்தப் பட்டியல், திருத்தம் பெறும் கைபேசிகளுக்குக் காவலாக அமைவதைப் போலவே, திருத்தம் பெறாத கைபேசிகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைத் தாக்குபவர்களுக்கு வெளிப்படையாகவே காட்டிக்கொடுக்கிறது. எனவே ஆதரவு முடிந்த கைபேசி முன்பிருந்த நிலையிலேயே நின்றுவிடுவதில்லை; மாதம் செல்லச் செல்ல அதன் நிலை மோசமாகிறது.

திருப்புளி:
கைபேசிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். நல்ல நிலையில் இருக்கும் கைபேசியைத் தூக்கிப்போடச் சொல்லும் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை.

வைகறை அவர்களே, நீங்கள் கூறும் முதல் குறை கைபேசியின் குறை அன்று. அதன் பேட்டரியின் குறை. லித்தியம் அயனி பேட்டரி பழையதாகும்போது அதன் கொள்ளளவு குறைவதோடு உள்தடையும், அதாவது மின்னோட்டத்தை அது உள்ளுக்குள் தடுக்கும் அளவும், கூடுகிறது. கேமராவைத் திறக்கும்போது சிப், திரை, சென்சார் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டத்தைக் கேட்கின்றன. உள்தடை கூடிய பேட்டரியில் அந்த நொடியில் மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது. கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. 20 விழுக்காடு இருப்பு மீதமிருந்தும் அணைவதற்கு இதுவே காரணம். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டதற்கும் பின்னணி இதுதான். அப்போது எழுந்த எதிர்ப்பால் 2018இல் பேட்டரி மாற்றும் கட்டணத்தை அந்நிறுவனம் வெகுவாகக் குறைத்தது. கைபேசி கிழடாகிவிட்டது என்று நம்பியிருந்த பலருக்கு, பேட்டரியை மாற்றிய அன்றே பழைய வேகம் திரும்பக் கிடைத்தது.

பேட்டரி தேயும் பொருள் என்பதை நிறுவனங்களே மறைப்பதில்லை. ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பேட்டரி 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதலான மாதிரிகளின் பேட்டரி 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைத்திருக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் குறிப்பிடுகிறது. நான்கு ஆண்டுகள் உழைத்த உங்கள் பேட்டரி மாலைக்குள் தீர்வதில் வியப்பில்லை. பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஒன்றை மட்டும் உடனே சோதித்துக்கொள்ளுங்கள்: கைபேசியைச் சமதளத்தில் வைக்கும்போது முன்பில்லாதபடி ஆடினாலோ, திரையின் ஓரம் சட்டத்திலிருந்து மயிரிழை அளவு எழும்பியிருந்தாலோ, பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்படியிருந்தால் சார்ஜ் ஏற்றாமல் உடனே கழற்றிவிட வேண்டும். அழுத்தி மூட முயலக் கூடாது.

தொடுவானம்:
பேட்டரியைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது வைகறையின் முதல் குறைக்கு மட்டுமே விடை. புதிய பேட்டரி அந்தக் கைபேசியின் உழைப்பை இரண்டு மூன்று ஆண்டுகள் நீட்டிக்கும் என்றால், திருத்தம் பெறாத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கை வைத்திருக்கும் காலமும் அதே அளவுக்கு நீள்கிறது. இதைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வது?

மருதம்:
சுற்றுச்சூழலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு திறன்பேசியின் வாழ்நாள் முழுவதற்குமான கரியமில வெளியீட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, உற்பத்தியிலேயே முடிந்துவிடுகிறது என்பதை ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு வெளியிடும் அறிக்கைகளிலிருந்தே அறியலாம். நாம் ஏற்றும் சார்ஜின் பங்கு சிறிது. ஆகவே பழைய கைபேசியைக் கூடுதலாக ஓர் ஆண்டு வைத்திருப்பதைப் போன்ற சிக்கனம் வேறில்லை. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு உண்டு என்றும் ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு மின்கழிவு அறிக்கை கூறுகிறது. நம் மேசை இழுப்பறைகளில் உறங்கும் பழைய கைபேசிகளில் பெரும்பாலானவை முறையான மறுசுழற்சிக்குப் போவதே இல்லை.

திருப்புளி:
தொடுவானம் அவர்களே, திருத்தம் பெறாத இயங்குதளம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், இயங்குதளத்தின் சில பகுதிகள் கூகுள் பிளே வழியாகத் தனித்தனியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. ஸ்டேஜ்ஃபிரைட் தாக்கிய ஒலி, ஒளிக்கோப்புகளைக் கையாளும் பகுதியும் அவற்றுள் அடங்கும். உலாவியும் மற்றச் செயலிகளும் தொடர்ந்து புதுப்பிப்புப் பெறுகின்றன. உற்பத்தியாளர் கைவிட்ட அன்றே கைபேசி திறந்த வீடாகிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

தொடுவானம்:
நீங்களே குறிப்பிட்ட ‘சில பகுதிகள்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. 2023 செப்டம்பரில் வெப்பி என்னும் பட வடிவத்தைக் கையாளும் நிரல் தொகுப்பில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. தாக்குதல்களுக்கு அது ஏற்கெனவே பயன்பட்டு வந்தது. குரோம் உலாவி விரைவிலேயே திருத்தப்பட்டது. பழைய கைபேசிகளுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதே தொகுப்பு ஆண்ட்ராய்டின் உள்ளேயும் இருக்கிறது. அதற்கான திருத்தம் 2023 அக்டோபர் மாதப் பாதுகாப்புப் புதுப்பிப்பில்தான் வந்தது. ஆதரவு முடிந்த மாதிரிகளுக்கு அது வரவில்லை. சிப் தயாரிப்பாளர்களின் இயக்க நிரல்களுக்கும், கைபேசியை வலையமைப்போடு இணைக்கும் மோடத்துக்கும் இதே நிலைதான். பிளே வழியாக அவற்றைத் தொட முடியாது.

வைகறை:
இருவர் கருத்தையும் படித்த பிறகு, வங்கிச் செயலியை மட்டும் நீக்கிவிட்டு, பேட்டரியை மாற்றி இதையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். வங்கி வேலைகளைக் கணினியில் செய்துகொள்ள முடியும்.

தொடுவானம்:
செயலியை நீக்கினாலும் ஒருமுறைக் கடவுச்சொல் எந்தக் கைபேசிக்கு வரும்? அதே எண், அதே கைபேசி. எந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தாலும் மீட்பு இணைப்பு வந்து சேரும் மின்னஞ்சலும் அங்கேதான் திறந்திருக்கிறது. சிம்மும் மின்னஞ்சலும் ஒரு கைபேசியில் இருக்கும்வரை, வங்கிச் செயலி இல்லாவிட்டாலும் அது வங்கியின் வாசலில்தான் நிற்கிறது.

மருதம்:
இந்த வாதம் எனக்குச் சரியாகப்படுகிறது. ஆனால் இதிலிருந்து, புத்தம்புதிய கைபேசிதான் வேண்டும் என்ற முடிவு பிறக்கவில்லை. ஆதரவுக் காலம் நிறைய மீதமுள்ள, ஒருவர் பயன்படுத்திப் புதுப்பித்து விற்கும் கைபேசியை வாங்கினால், உற்பத்தியின் சுமை மீண்டும் ஒருமுறை கூடாது. 2023 அக்டோபரில் வந்த கூகுளின் பிக்சல் 8 வரிசைக்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பை அந்தந்த நிறுவனங்கள் உறுதியளித்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகளோ, ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு தரப்பட வேண்டும் என்றும், 800 சுற்றுகளுக்குப் பிறகும் பேட்டரி 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இந்த நிலை வந்த பிறகு, ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு, ஆதரவு முடியும் தேதியைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

வைகறை:
அப்படியே செய்யப்போகிறேன். சிம், வங்கி, மின்னஞ்சல் மூன்றும் ஆதரவு மீதமுள்ள ஒரு பயன்படுத்திய கைபேசிக்குப் போகும். பழையதில் கணக்குகள் அனைத்தையும் நீக்கி, முழுவதும் அழித்து, புதிய பேட்டரி போட்டு, பாட்டு கேட்கவும் மின்னூல் படிக்கவும் வைத்துக்கொள்வேன்.

திருப்புளி:
பழைய கைபேசிக்கு வேலை கொடுத்தீர்களே, அதுவரை மகிழ்ச்சி. தேவைக்கு முன்பே மாற்றுகிறீர்கள் என்ற என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஏழாண்டு என்பது அந்த மாதிரி முதன்முதலில் சந்தைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் வாங்கும் தேதியிலிருந்து அன்று. அதோடு, அமைப்புகளில் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அது பல மாதங்கள் பின்தங்கியிருந்து, புதுப்பிக்கச் சொல்லியும் நகரவில்லை என்றால், அந்தக் கைபேசியின் மென்பொருளில் யாரோ கைவைத்திருக்க வாய்ப்புண்டு. அதை வாங்க வேண்டாம்.