பொல்கொடையிலிருந்து யாழ்ப்பாணப் பண்ணைக் கரைக்கு: பழைய பாய்ப்படகை றெயிலரில் ஏற்றி வந்த அனுபவம்

பழைய பாய்ப்படகு வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியது ஜி.பி. 14. பதினான்கு அடி நீளம், இரண்டு பேர் ஓட்டுகிற படகு. 1949இல் ஜாக் ஹோல்ட் வரைந்த வடிவம். வெறும் உடல் மட்டும் 133 கிலோ. அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகையை மேலே இழுத்துவிட்டால் முழங்காலளவு தண்ணீரிலும் மிதக்கும், அதனால் எங்கள் பரவைக்கடலுக்கு நல்ல தோது. ஆனால் வடக்கில் இப்படியொன்று விலைக்கு வருவது அருமை. 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டியது எங்கள் வல்வெட்டித்துறை. அந்தக் கரைக்கு இன்றைக்குப் பாய்ப்படகைத் தெற்கிலிருந்து றோட்டால் இழுத்து வரவேண்டியிருப்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

என்னோடு பெரியப்பா வந்தார். வல்வெட்டித்துறையில் வள்ளம் கட்டிப் பழகிய கை. கொழும்புக்குத் தெற்கே பொல்கொடை ஏரிக்கரையில் றெயிலரில் நின்ற படகைச் சுற்றிப் பார்த்தவர் பாயையோ பாய்மரத்தையோ கேட்கவில்லை. நிலத்தில் குந்தியிருந்து அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார்.

"தம்பி, கடலிலை தண்ணி எல்லாப் பக்கத்தாலையும் வள்ளத்தைத் தாங்கும். றோட்டிலை இந்த நாலு உருளைதான் தாங்கப்போகுது. பாரம் முழுக்க ஏராவிலை இருக்கோணும்."

ஏரா என்பது படகின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்பு. இந்த வேலையில் முக்கியமான பேச்சே அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தப் படகு பக்கத்துத் தாங்கிகளில் சாய்ந்து நின்றது. அப்படியே நானூறு கிலோமீற்றர் வந்திருந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த இடத்தில் படகின் உடல் உள்ளே அமுங்கி, கடைசியில் வெடித்திருக்கும். ஏராவுக்குக் கீழிருந்த உருளைகளை உயர்த்தி, பக்கத்துத் தாங்கிகளை, படகு சரியாமல் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் இறக்கினோம்.

பிறகு பின்பலகையில் இருக்கும் தக்கைகளைக் கழற்றினோம். மிதவை அறைக்குள்ளிருந்து தண்ணீர் வரத் தொடங்கி, நிற்கவே இல்லை. பச்சை பிடித்த, மணக்கிற தண்ணீர். முன்பக்கத்தை உயர்த்திப் பிடித்தபோது இன்னும் வந்தது. ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ. அது உள்ளே கிடந்து அலைந்தால் றெயிலரின் சமநிலையே மாறிப்போகும். தக்கைகளைத் திரும்பப் போடாமல் ஒரு பையில் கட்டிச் சுக்கானோடு வைத்தேன், வழியில் மழை பெய்தாலும் வடியட்டும் என்று.

அடுத்தது சில்லு. இதில்தான் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, போனதும் நல்லதுதான். படகு றெயிலர் மற்ற றெயிலர் மாதிரி இல்லை, தண்ணீருக்குள் இறங்கி ஏறுவது. ஓடிவந்த சூட்டோடு இறக்கினால் சில்லின் நடுவிலுள்ள சில்லுக்குடம் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடியைத் தட்டிக் கழற்றிப் பார்த்தால் கிறீஸ் பால்கோப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் போனதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. விற்றவர் நல்ல மனிதர், தானே ஆள் அனுப்பி மொறட்டுவையில் பெயறிங்கும் சீலும் எடுப்பித்துத் தந்தார். ரயர்களில் பூ, அதாவது றோட்டைப் பிடிக்கிற வெட்டு, நிறையவே இருந்தது, ஆனால் பக்கச் சுவரில் வெயிலில் நின்ற வெடிப்பு. அவற்றையும் மாற்றினோம். பூவை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

பாய்மரத்தை இறக்க மூன்று பேர் வேண்டும். மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியைக் கழற்றும்போது ஒருவர் அடியில் நின்று பிடிக்க வேண்டும். இறக்கிய மரம் படகைவிட நீளம். முன்னால் றெயிலர் கம்பத்திலும் பின்னால் ஒரு மரக்கவையிலும் படுக்கவைத்து, பின்னுக்கு நீண்ட நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். கம்பிக் கயிறுகளை மரத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். தளர்ந்து தொங்கினால் படகின் பூச்சை அரத்தால் இழுத்த மாதிரிச் சுரண்டிவிடும். படகை மூடுகிற உறையும் அப்படித்தான், காற்றில் அடிக்கிற உறையைவிட உறையே இல்லாமல் வருவது மேல். சுக்கான், பாயைக் கட்டுகிற கழியான பருமல், பாய் எல்லாம் றெயிலரை இழுத்த கெப் வாகனத்துக்குள் வந்தன.

கொளுவுகிற இடத்தில் விழும் பாரத்தையும் பார்க்க வேண்டும். குளியலறைத் தராசை அதற்குக் கீழே வைத்தே நிறுக்கலாம். மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை முன்னுக்கு விழுந்தால் நல்லது. குறைந்தால் வேகத்தில் றெயிலர் வாலாட்டத் தொடங்கும், பிறகு அடக்குவது கஷ்டம். படகைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தியே சரிப்படுத்தினோம்.

கட்டுகிற பட்டியை விளிம்பில் நேரே போடாமல் பழைய சாக்கை மடித்து வைத்துக் கட்டினோம். பட்டியில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் அதிர்ந்து இரையாது. இறுக்கியது போதும் என்று பெரியப்பா சொன்ன இடத்தோடு நிறுத்தினேன். அளவுக்கு மீறினால் பைபர் உடல் நெளிந்துவிடும்.

விடியப் புறப்பட்டு புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக வந்தோம். முதல் பத்துப் பதினைந்து கிலோமீற்றரிலேயே நிறுத்திப் பாருங்கள். படகு அமர்ந்து பட்டி தளர்ந்திருக்கும், எங்களுக்கும் தளர்ந்துதான் இருந்தது. நிற்கிற இடமெல்லாம் சில்லுக்குடத்தில் கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நிற்க வேண்டும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பட்டிகளை இன்னொரு தரம் இறுக்கினோம். ஆனையிறவில் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று பக்கவாட்டில் தள்ளியபோது வேகத்தை நன்றாகக் குறைத்தே வந்தோம். சோதனையில் கேட்டது றெயிலரின் புத்தகமும் படகு வாங்கிய எழுத்தும். இரண்டும் கையில் இருந்ததால் சுணங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஒரு விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். எங்கள் ஒழுங்கைகளுக்குக் குறுக்கே மின்கம்பி போகிறது. அலுமினியப் பாய்மரத்தை வீட்டு வாசலில் நிமிர்த்தவே வேண்டாம். பண்ணைக் கரையில் அண்ணாந்து பார்த்து, மேலே ஒன்றுமில்லாத இடத்தில்தான் நிமிர்த்தினோம். சில்லு ஆறும் வரை இருந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறக்கினோம், ஏற்றியதும் நல்ல தண்ணீரால் கழுவினோம்.

றெயிலர் இப்போது கொக்குவிலில் வீட்டில் நிற்கிறது. இந்த அளவுப் படகு கொண்டுவர யாருக்காவது தேவையென்றால் கேளுங்கள், தருகிறேன். நேரம் இருந்தால் கூடவும் வருகிறேன்.