ஊர் நெருக்கிய துண்டுக் காட்டில் பறவைகள்: பார்த்தவர்கள் சொல்வது

நாலாபக்கமும் வீடுகள் வந்துவிட்ட ஒரு சின்னக் காட்டில் சில வருடங்களாகப் பறவை பார்க்கிறேன். இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் குறையே தெரியாது. யார் போனார்கள், அந்த இடத்துக்கு யார் வந்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். மைனா, காகம், மாடப்புறா, கொண்டைக்குருவி எல்லாம் ஓரத்தில் பெருகிவிட்டன. தரையை நம்பி வாழ்பவைதான் நழுவிக்கொண்டிருக்கின்றன.

உள்ளே போனால், பல இனப் பறவைகள் ஒன்றாக இரை தேடிப் போகும் கலப்புக் கூட்டம் இன்னும் கிடைக்கும். முதலில் கரிச்சான் சத்தம் கேட்கும், அதன் பின்னாலேயே மாம்பழச்சிட்டு, கதிர்க்குருவி, அதிர்ஷ்டம் இருந்தால் அரசவால் ஈப்பிடிப்பான். ஒன்று இலையடியைத் துழாவும், இன்னொன்று பட்டை இடுக்கைக் குடையும். கரிச்சான் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், மற்றவை கிளப்பிவிடும் பூச்சியைப் பறந்து பிடிக்கும். வைரி என்கிற வேட்டைப் பறவை வந்தால் முதலில் கத்துவதும் அதுதான். கூலி வாங்கிக்கொண்டு காவல் காக்கிற ஆள் மாதிரி.

குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி வலசை வரும். சருகை அலகால் புரட்டும், அப்படியே நிற்கும், குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும், மறுபடி புரட்டும். நடைபாதை போடுகிறோம் என்று ஒரு பக்கம் புதரை வெட்டி, சருகையும் கூட்டி அள்ளிவிட்டார்கள். மரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பக்கம் அது கண்ணில் படவில்லை. வெட்டாத பக்கத்தில் இருந்தது. மரத்தை வெட்டினால் சண்டைக்கு வர நாலு பேர் இருக்கிறார்கள், புதருக்கு யாரும் இல்லை. காய்ந்த கிளைக்கும் அதே கதிதான். குக்குறுவான் கூடு குடைவது அதில்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இந்தோனேசியாவில் ஜாவா தீவின் போகோர் தாவரவியல் பூங்கா 86 ஹெக்டேர். சுற்றியிருந்த காடு போய் அது தனித்துப்போனது. 1932 முதல் 1952 வரையான காலத்தில் அங்கே கூடு கட்டிய 62 இனங்களில் 20, 1980-களின் நடுவில் இல்லவே இல்லை. மரங்கள் அப்படியே நின்றன. துண்டாகிப் போன காட்டில் ஓர் இனம் சில ஜோடிகளாகச் சுருங்கிவிட்டால், ஒரு மோசமான வருடமே போதும். பக்கத்தில் காடு இருந்தால் புதிதாக நாலு பறவை வந்து சேரும், இல்லாவிட்டால் அதோடு சரி.

*

ஆறுமணிக்குருவி பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் குடியிருப்பு இப்படி ஒரு காட்டை ஒட்டியது. அக்டோபர் வாக்கில் ஒன்று ஜன்னல் கண்ணாடியில் மோதித் தரையில் உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. பொம்மை என்றுதான் குழந்தைகள் நினைத்தார்கள். ஆளாளுக்கு வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தார்கள். அது மட்டும் வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் மூடி, சத்தமில்லாத அறையில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே பரபரவென்று சத்தம். புதர் ஓரமாகத் திறந்துவிட்டதும் தத்தித் தத்தி உள்ளே போய்விட்டது. அப்புறம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே வலை கட்டிவிட்டோம்.

*

எங்கள் பக்கம் காட்டுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு வேலிதான். அங்கே குண்டுகரிச்சான் (மேலே சொன்ன கரிச்சான் இல்லை, இது வேறு பறவை) பாட்டு லாரி இரைச்சலில் பாதிதான் கேட்கிறது. விடியலுக்கு வெகுமுன்பே, தெருவிளக்கு வெளிச்சத்தில் பாட ஆரம்பித்துவிடுகிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பட்டாணிக்குருவிகளைக் கவனித்து 2003-இல் ஓர் ஆய்வு வந்தது: இரைச்சல் மிகுந்த இடத்தில் இருப்பவை தாழ்ந்த சுருதியைத் தவிர்த்துப் பாடுகின்றனவாம். சுருதியை ஏற்ற முடிந்தவை சமாளித்துக்கொள்ளும். செண்பகத்தின் அடித்தொண்டைக் குரலுக்கு என்ன வழி?

*

முதலில் எழுதியவன்தான். பட்டியல் போடும்போது பெயரோடு தரையா, புதரா, நடுக்கிளையா, உச்சியா என்றும் குறித்துவையுங்கள். பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுபவர்கள் குறிப்புப் பகுதியில் எழுதலாம். புதர் வெட்டும் பேச்சு வரும்போது எடுத்துக் காட்ட அதுதான் கைகொடுக்கும்.