ஓட்டலில் நிதி திரட்டல்: விற்பனையில் சதவீதமா, கூப்பனா?

மையச்செயலர்:
ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் உள்ள 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பகல்நேரப் பயிற்சி மையம் எங்களுடையது. பெற்றோர் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை. 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு) உண்டு, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான) பதிவு இல்லை. சக்கர நாற்காலி ஏறும் வேனுக்கு முன்பணம் சேர்க்க வேண்டும். 80 இருக்கை உள்ள அசைவ ஓட்டல் ஒன்று, டிசம்பர் 3 மாலை விற்பனையில் 15% தருவதாகச் சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் சிலர் பரிமாறவும் ஆசைப்படுகிறார்கள். எதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்?

கல்லாப்பெட்டி:
முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம்தான், ஆனால் கார்த்திகை. பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள். அசைவ ஓட்டலுக்குக் கூட்டம் வராது. புரட்டாசி சனிக்கிழமையும் அப்படியே. டவுன் சிண்ட்ரோம் தினமான மார்ச் 21, ஆட்டிசம் தினமான ஏப்ரல் 2 என்றால் பரீட்சை நேரம். ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு மாலை நல்லது.

அடுத்து கணக்கு. 80 இருக்கையும் மூன்று முறை நிரம்பினால் 240 பேர். தலைக்கு 280 என்றால் 67,200 ரூபாய். அதில் 15% வெறும் 10,080. வேனுக்கு எந்த மூலைக்கு? 500 ரூபாய் கூப்பன் அடியுங்கள். குறிப்பிட்ட மெனுவை இலைக்கு 220க்குப் பேசுங்கள். 5% ஜிஎஸ்டி சேர்த்து 231. மீதி 269. 250 கூப்பன் விற்றால் 67,250 நிற்கும், அச்சுச் செலவை அதில் கழித்துக்கொள்ளுங்கள். ஓட்டலுக்கு உறுதி எண்ணிக்கையை இரண்டு நாள் முன்பு, விற்றதை வைத்துச் சொல்லுங்கள். ‘500 இலை’ என்று வாய்விட்டால் விற்காத இலைக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள்.

சதவீதம்தான் என்று ஓட்டல் பிடிவாதம் பிடித்தால், எதன் மேல் சதவீதம் என்பதை எழுதி வாங்குங்கள்: ஜிஎஸ்டி நீங்கலான தொகையா, பார்சலும் சேருமா, ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர் சேருமா? அந்த ஆப்கள் கமிஷன் பிடிப்பதால் முதலாளி கடைசியில் அதைக் கழிப்பார். சண்டை வருவது இங்கேதான்.

தணிக்கைமேசை:
கூப்பனில் ‘80ஜி வரிவிலக்கு’ என்று அச்சடிக்காதீர்கள். சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு நன்கொடை ஆகாது. சதவீத முறையில் நன்கொடையாளர் ஓட்டல்தான், ரசீதும் அதன் பெயருக்கே. ஓட்டல் அரிசி, கறி இலவசமாகத் தந்தால் அதற்கு 80ஜி கிடையாது. கூப்பன் வரவுக்குத் தனிக் கணக்குப் புத்தகம் போடுங்கள்.

நன்கொடைக்குத் தனி க்யூஆர் வையுங்கள், அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில். செயலாளரின் சொந்த ஜிபே எண் வேண்டவே வேண்டாம். அதை மேசையில் ஒட்டினால் பில் பணமும் அதற்கே போய்விடும். பில் கட்டி முடித்தபின் தனி அட்டையாகக் காட்டுங்கள். கொடுப்பவரின் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் எண்ணை அங்கேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் வரித்துறைக்கான நன்கொடையாளர் பட்டியலில் சேர்க்க முடியாது. ரொக்கம் 2,000க்கு மேல் போனால் அவருக்கு வரிக்கழிவு இல்லை. உண்டியல் காசு பெயரில்லா நன்கொடை. ஒரு வரம்பைத் தாண்டினால் 30% வரி.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் ரூபாயில் அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தருவது) இருந்தாலும் அப்படியே. உங்களுக்கு எஃப்சிஆர்ஏ இல்லாததால் வாங்கவே கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ தரலாம்.

சிறப்புக்கல்வி:
பிள்ளைகள் பரிமாறுவதைப் பற்றி. முழு நேரமும் நிறுத்தாதீர்கள். கூட்டம் ஏறுவதற்கு முன் 5 முதல் 6.30 வரை போதும். ஒருவருக்கு இரண்டு மேசை, ஒரே வேலை: இலை போடுவது அல்லது தண்ணீர் வைப்பது. சாம்பார், ரசம் வாளி வேண்டாம், சூடு. முந்தைய வாரம் கூட்டமில்லாத நேரத்தில் அதே ஓட்டலிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். மையத்தில் பழகியது இடம் மாறினால் பலருக்குக் கைகொடுக்காது. அன்றைய வேலைக்குக் கூலி கொடுங்கள். காட்சிப் பொருளாக நிறுத்திப் பணம் கேட்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்கள். மின்னி மின்னி எரியும் விளக்கு கூடாது, வலிப்பு உள்ளவர்கள் இருப்பார்கள். அடுக்களையிலிருந்து தள்ளி ஒரு மூலையை ஒதுக்கினால் சத்தம் தாங்காதவர் போய் உட்காரலாம். விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்குப் புரோட்டா, எலும்புக்கறி ஆகாது. குழைந்த பொங்கலை மெனுவில் சேருங்கள். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அவசரத்துக்குப் போடும் பலகை செங்குத்தாக நின்று நாற்காலி பின்னால் கவிழும்.

போட்டோ எடுக்கும் முன் அவரவரிடமே கேளுங்கள். 18 தாண்டினால் பெற்றோர் தானாகச் சட்டப்பூர்வக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் நியமிக்கும்.

மையச்செயலர்:
நன்றி. கூப்பனுக்கே போகிறோம். 220க்கு என்ன மெனு கேட்கலாம்?

கல்லாப்பெட்டி:
சிக்கன் பிரியாணி, ஒரு முட்டை, தயிர்ப்பச்சடி, ஒரு இனிப்பு. சைவத்துக்கு வெஜ் பிரியாணி, கோபி. மட்டன் கேட்காதீர்கள், 220ல் கட்டாது. கூப்பனிலேயே சைவம், அசைவம் என்று இரண்டு நிறம் அடியுங்கள், மாஸ்டருக்கு அளவு தெரியும்.