எழுத்துக்கூட்டிப் படிக்கையில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? உங்கள் அனுபவம்

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை:

247 எழுத்தும் தெரியும், ஆனால் ‘பட்டம்’ என்று படிக்க வரவில்லை என்றால், பிள்ளை மெய்யெழுத்தை எப்படிச் சொல்கிறது என்று கேளுங்கள். இக், இங், இச் என்று மனப்பாடம் செய்த பழக்கத்தில் ‘ப, இட், ட, இம்’ என்று நான்கு துண்டாகச் சொல்லும். அந்த ‘இ’ சொல்லுக்குள் இல்லவே இல்லை. அதனால் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் பட்டம் வராது. கடைசியில் படத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கிவிடும்.

புள்ளி வைத்த எழுத்து முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: பட்-டம், அம்-மா, வண்-டி. இரண்டு எழுத்துக்கும் சேர்த்து அடியில் பென்சிலால் ஒரே வளைவு போடுங்கள். கல், மண், பல் முதலில். பிறகு பால், மீன். அப்புறம் அம்மா, பட்டம். இரண்டு மெய் அடுத்தடுத்து வரும் சொற்கள் கடைசியில்தான். அங்கே இரண்டுமே முன்னெழுத்தோடு போகும்: பார்த்-தான், வாழ்க்-கை. இந்த வரிசையை மாற்றி, பாடத்தில் வருகிறதே என்று ‘வாழ்க்கை’யை முதல் மாதமே கொடுத்தால் பிள்ளை வாயே திறக்காது.

வீட்டில் டியூஷன் எடுப்பவர்:

டீச்சர் சொன்னதற்கு அடுத்து, கொம்பு. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஆனால் ‘கொ’வில் முதலில் தெரியும் கொம்பின் ஒலி, க-வுக்குப் பிறகுதான் வருகிறது. அதனால்தான் ‘கொடி’யை ‘கெ, கா, டி’ என்று படிக்கிறார்கள். எழுதும்போது ‘கொம்பு, க, கால்’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும். படிக்கும்போது மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் அடைத்துக் காட்டுங்கள். கெ-கே, கொ-கோ இரண்டு ஜோடியையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். ‘வௌவால்’ தனித் தொல்லை: பல பயிற்சித் தாள்களில் ‘வெ’, ‘ள’ என்று தட்டச்சு செய்திருப்பார்கள், பிள்ளையும் ‘வெ-ள-வால்’ என்று சரியாகத்தான் படிக்கும்.

உகர வரிசையை கு, ஙு, சு என்று அட்டவணைப்படி நடத்தாதீர்கள். வடிவத்தில் மூன்று கூட்டம்தான் இருக்கிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒன்று. சு, பு, யு, வு, ஙு இன்னொன்று. மீதி து, நு, ணு, லு, று, னு, ஞு. மூன்றாவது கூட்டத்தில் நெடில் மிகச் சுலபம்: து-தூ, நு-நூ. ‘கூ’ எதிலும் சேராது, அதைத் தனியே எழுதிப் பழக வேண்டும்.

பழைய கதைப் புத்தகம் கொடுப்பவர்கள் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, றா, னா எல்லாம் வேறு வடிவில் இருக்கும்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியர்:

எழுத்துப்பிழைக்கு வருகிறேன். ண, ன, ந குழப்பத்தில் பெரும்பகுதி அடுத்த எழுத்தைப் பார்த்தாலே தீரும். ட-வுக்கு முன் ண் (நண்டு), ற-வுக்கு முன் ன் (கன்று), த-வுக்கு முன் ந் (பந்து). சொல்லின் தொடக்கத்தில் என்றால் ந மட்டும்தான். பணி-பனி, மணம்-மனம் மாதிரி நடுவில் வருபவற்றைத்தான் ஒவ்வொன்றாக நினைவில் வைக்க வேண்டும். அவற்றைப் பொருளோடு, வாரம் ஒரு ஜோடிக்கு மேல் போகாமல் கொடுக்கலாம்.

ர, ழ இரண்டும் இரட்டிக்காது. ஆகவே பள்ளி, வெள்ளை என்று இரட்டித்து வந்தால் ழ-வா என்று யோசிக்கவே வேண்டாம்.

‘ஆத்தில், சோத்தில், வயித்தில்’ என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை, காதில் விழுவதை அப்படியே எழுதுகிறது. திருத்த வேண்டுமானால் மூலச் சொல்லைக் கேளுங்கள். ஆறு, சோறு, வயிறு என்று சொன்னதும் ற தெரிந்துவிடும். ஆற்றில், சோற்றில், வயிற்றில் தானாக வரும். சிவப்பு மையால் சுழிப்பதைவிட இந்த ஒரு கேள்வி எவ்வளவோ மேல். சொல்வதை எழுதச் சொன்னால் நாளுக்கு ஐந்து சொல் போதும், எழுதி முடித்த உடனே சேர்ந்து பார்க்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை:

பார்த்ததும் படிக்க வேண்டிய சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது, இது, ஒரு, நான், என்ன, எங்கே, இல்லை போன்ற சொற்களை அஞ்சலட்டை அளவு அட்டையில் எழுதி, தெரிந்தது மூன்று, புதியது இரண்டு என்று கலந்து காட்டலாம். ஆனால் தமிழில் நீளச் சொற்களின் வால்தான் திரும்பத் திரும்ப வருகிறது: -கிறது, -கிறார்கள், -இலிருந்து, -உக்கு. இவற்றுக்கும் அட்டை போடுங்கள். ‘வீட்டிலிருந்து’ என்பதில் வாலை விரலால் மூடி ‘வீட்டி’ வரை படிக்க வைத்து, பிறகு விரலை எடுத்தால் மூச்சு முட்டாமல் வரும்.

‘இருக்கிறது’ என்று அச்சில் இருக்க, பிள்ளை ‘இருக்கு’ என்று படித்தால் உடனே தடுக்காதீர்கள். பொருள் புரிந்துதான் படிக்கிறது. வரியை முடிக்க விட்டு, ‘கிற’ மேல் விரல் வைத்து இன்னொரு முறை படிக்கச் சொன்னால் போதும். ‘இருந்தது’ என்று படித்தால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். அது ஊகித்துப் படிப்பது.