எதுகை, மோனை, இயைபு: ஏழாம் வகுப்புக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது?

கேள்வி – மாலைவகுப்பு
ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். 'முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை' என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். செய்யுளைக் கொடுத்தால் தடுமாற்றம். 'பாடம் – படம்' எதுகையாம். 'அகர – ஆதி' மோனை என்றால் 'அ வேற, ஆ வேற சார்' என்கிறார்கள். உவமை, உருவகத்திலும் இதே கதை. எங்கே தொடங்கலாம்?

பதில் – கூவிளம்
சீரில், அதாவது அடியின் ஓசைத் துண்டில், தொடங்குங்கள். தொடை (மோனை, எதுகை, இயைபு போன்ற ஒலி ஒப்புமை) பார்ப்பது சொல்லுக்குச் சொல் அல்ல, சீருக்குச் சீர். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்ற குறளடியில் 'எழுத்தெல்லாம்' இரண்டு சொல், ஒரே சீர். 'எல்லாம்' என்பதைத் தனியே வெட்டி மோனை தேடக் கூடாது. குறளில் முதலடிக்கு 4 சீர், அடுத்ததற்கு 3 சீர் எனக் கோடு போட்ட பிறகே மற்றதெல்லாம்.

எதுகை விதியில் பாதியை விட்டுவிட்டார்கள். முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'பாடம் – மாடம்' நிற்கும், 'பாடம் – படம்' நிற்காது. மோனையிலோ இனம் சேரும்: அ, ஆ, ஐ, ஔ ஒன்று, இ, ஈ, எ, ஏ ஒன்று, உ, ஊ, ஒ, ஓ ஒன்று. மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ. ஆகவே 'அகர – ஆதி' மோனைதான்; 1, 4ஆம் சீர்களில் வருவதால் ஒரூஉ மோனை.

பயிற்சிக்கு 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' அடியை விட நல்லது கிடைக்காது. நான்கு சீரும் 'க' என்பதால் முற்று மோனை. அதே அடியில் 1, 3, 4ஆம் சீர்களில் 'ற்' வருவதால் மேற்கதுவாய் எதுகை. 'கசடற' மட்டும் சேராது. அடுத்த அடி 'நிற்க' என்று தொடங்குவதால் அடி எதுகையும் உண்டு.

மேற்கதுவாய், கீழ்க்கதுவாய் இரண்டையும் பிள்ளைகள் மாற்றிப் போடுவார்கள். 2ஆம் சீர் விடுபட்டால் மேல், 3ஆம் சீர் விடுபட்டால் கீழ்.

பதில் – கரும்பலகை
இன்னொரு குழப்பம் ஆங்கிலப் பாடத்திலிருந்து வருகிறது. அங்கே 'ரைம்' படித்துவிட்டு அதைத்தான் எதுகை என்று நினைக்கிறார்கள். 'கிளையிலே குயில் பாடுது / தரையிலே மயில் ஆடுது' என்பதில் 'பாடுது – ஆடுது' அடிக்கடைசியில் ஒன்றுவது. அது இயைபு.

பதில் – மாலைவகுப்பு
நன்றி. 'மலர்முகம்', 'முகமலர்' இரண்டையும் உருவகம் என்றே எழுதுகிறார்கள். அதற்கு வழி?

பதில் – கரும்பலகை
நடுவில் ஒரு சொல்லை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'மலர் போன்ற முகம்' பொருந்துகிறது. 'போன்ற' என்ற உவம உருபு மறைந்திருப்பதால் உவமைத்தொகை. 'முகம் ஆகிய மலர்' என்று விரிந்தால் உருவகம். உருவகத்தில் பொருள் முன்னே, உவமை பின்னே: அன்புக்கடல், கல்விச்செல்வம்.

'போல' கண்ட இடமெல்லாம் உவமை என்று அடிக்கோடு போடுவதையும் நிறுத்துங்கள். 'மழை வரும் போல' வெறும் ஊகம்.

பதில் – கூவிளம்
எடுத்துக்காட்டு உவமை அணியிலும் கவனம். இரண்டு தனித்தொடர் இருந்து, இடையில் உவம உருபு மறைந்திருந்தால்தான் அந்தப் பெயர். உருபு வெளிப்பட்டிருந்தால் உவமை அணி. அங்கே 'எடுத்துக்காட்டு' என்று எழுதினால் மதிப்பெண் போகும்.